யாழ் மத்திய கல்லூரி: கல்லூரியா, பள்ளிக்கூடமா?

மாம்பலத்தான்:
வணக்கம். ஒரு சின்னச் சந்தேகம். 2024 ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஒரு லெக் ஸ்பின்னர் ஆடினாரே, விஜயகாந்த் வியாஸ்காந்த். பெயரைக் கேட்டதும் கேப்டன் ரசிகரான என் அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஹசரங்கா காயம், அவருக்குப் பதிலாக யாழ்ப்பாணத்துப் பையன் என்றார்கள். சரி, யார் இந்தத் தம்பி என்று தேடிப் படித்தால் “யாழ் மத்திய கல்லூரி மாணவனாக இருந்தபோது பள்ளி கிரிக்கெட்டில்...” என்று போகிறது. கல்லூரி மாணவன் எப்படிப் பள்ளி கிரிக்கெட் ஆடுவான்? அடுத்த பத்தியில் “கல்லூரியின் அதிபர் வாழ்த்தினார்” என்று வேறு. இலங்கை அதிபர் ஏன் அங்கே வந்தார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையடி:
தம்பி, குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. கனடாவில் என் மருமகனுக்கும் (அவர் திருச்சிக்காரர்) இதையேதான் விளக்கினேன். எங்கள் ஊரில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றே பெயர். கபொத என்ற அரசாங்கப் பரீட்சையில் சாதாரண தரம் பதினோராம் ஆண்டில், உயர்தரம் பதின்மூன்றாம் ஆண்டில். உயர்தரம் சித்தியடைந்து வெட்டுப்புள்ளி (உங்கள் ஊர் கட்-ஆஃப்) கிடைத்தால் நேரே பல்கலைக்கழகம். நடுவில் உங்கள் ஊர் ஆர்ட்ஸ் காலேஜ் மாதிரி ஒன்று கிடையாது. அதிபர் என்றால் உங்கள் ஊர்த் தலைமையாசிரியர். நாட்டை ஆள்பவர் எங்களுக்கு ஜனாதிபதி.

“மத்திய” என்ற சொல்லிலும் ஒரு குழி இருக்கிறது, அதில் இலங்கைக்காரரே விழுவார்கள். 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா ஊர்ப்புறப் பிள்ளைகளுக்காக மத்திய மகா வித்தியாலயங்களைத் திறந்தார். நாடு முழுக்க “சென்ட்ரல்” என்ற பெயரோடு பள்ளிக்கூடங்கள் இருப்பது அதனால்தான். எங்கள் சென்ட்ரல், அதாவது யாழ் மத்திய கல்லூரி, அந்தக் கணக்கில் சேராது. மெதடிஸ்த மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1814, பள்ளிக்கூடம் 1816. வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலை என்று இருந்ததை 1834இல் பீற்றர் பேர்சிவல் மத்திய பாடசாலை ஆக்கினார். கன்னங்கரா பிறப்பதற்கு ஐம்பது வருடம் முன்பு. 2016இல் இருநூறாவது ஆண்டு கொண்டாடினோம்.

இன்று அது அரசாங்கப் பள்ளிக்கூடம், தேசிய பாடசாலை. அதாவது மாகாண சபையின் கீழ் இல்லை, கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் நேரடியாக.

சுண்டுக்குளியான்:
வியாஸ்காந்தைப் பற்றிக் கேட்டவருக்கு இருநூறு வருடச் சரித்திரம். சென்ட்ரல்காரரிடம் நேரம் கேட்டால் மணிக்கூட்டுக் கோபுரம் கட்டின கதையைச் சொல்வார்கள்.

மாம்பலத்தான், அந்தப் பெடியன் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு முதன்முதலாக இறங்கி எடுத்த முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். பத்தொன்பது வயது அப்போது இன்னும் நிறையவில்லை. அன்று மட்டும் நான் சென்ட்ரலுக்குக் கைதட்டினேன். நான் பரி. யோவான் கல்லூரி (சென். ஜோன்ஸ்), சென்ட்ரலின் பரம எதிரணி.

கோட்டையடி:
அன்று தட்டின கைக்கு நன்றி. மார்ச் மாதத்தில் அந்தக் கையை எங்கே ஒளித்து வைப்பீர்கள் என்று தெரியும்.

பழைய ஏடு:
கிரிக்கெட்டுக்கு முன்னால் ஒரு விஷயம். இந்தப் பள்ளிக்கூடத்தைத் தமிழ்நாட்டுக்காரர் எல்லாரும் தெரியாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆறுமுக நாவலர் படித்ததும் படிப்பித்ததும் அங்கேதான்.

1822இல் நல்லூரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில் பேர்சிவலின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். படித்து முடித்ததும் அங்கேயே ஆசிரியர். கீழ் வகுப்புக்கு ஆங்கிலம், மேல் வகுப்புக்குத் தமிழ். பேர்சிவலுக்குத் தமிழ்ப் பண்டிதரும் அவரே. நெற்றியில் திருநீற்றோடு ஒரு சைவர், பாதிரியார் பக்கத்தில் இருந்து பல வருடம் விவிலியத்தைத் தமிழாக்க உதவினார். 1848இல் வேலையை விட்டார், அதே வருடம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடம் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் கொடுத்தது, அச்சுக்கூடமும் வந்தது.

அந்த வித்தியாசாலையில் செய்தது எல்லாம் மிஷன் பள்ளிக்கூடத்தில் உள்ளே இருந்து பார்த்த வித்தைதான். வகுப்பு பிரித்தது, படிப்படியாகப் பாலபாடம் எழுதியது, அச்சடித்துக் கொடுத்தது, மேடை ஏறிப் பிரசங்கம் பண்ணியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்திருந்தால் அவர் பெரிய புலவராகியிருப்பார். நாவலர் ஆகியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

மாம்பலத்தான்:
அப்படியானால் நாங்கள் சர்ச்சில் பார்க்கும் தமிழ் பைபிள் நாவலர் மொழிபெயர்த்ததா? வாட்ஸப்பில் அப்படி ஒன்று சுற்றுகிறதே.

பழைய ஏடு:
இல்லை. அந்த வாட்ஸப்பை எனக்கும் பதினைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். நாவலர் உதவியது பேர்சிவல் மொழிபெயர்ப்புக்கு. அது 1850இல் அச்சானது, நடை நன்றாக இருந்தது என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள், ஆனால் சபைகளிடம் எடுபடவில்லை. பிறகு பவர் ஐயர் என்ற பாதிரியார் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871இல் வந்ததுதான் நிலைத்தது. உங்கள் பெரியம்மா கையில் வைத்திருப்பது அந்த வழி.

பேர்சிவலுக்கும் சென்னையோடு பின்கதை உண்டு. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார், தினவர்த்தமானி என்று 1855இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கிலத்தோடு அச்சிட்டார். “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்று வெள்ளைக்காரர் ஒருவர் சந்தையில் நின்று எழுதிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

மருதடியாள்:
எல்லாரும் ஆண்கள் பள்ளிக்கூடக் கதை சொல்கிறீர்கள். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் படித்தவள், பெயர் வேண்டாம். மார்ச் வந்தால் எங்கள் ரீச்சர்மார் காலையிலேயே படலையை (வாசற்கதவை) பூட்டுவார்கள். பிறகு தூரத்தில் மேளமும் பாண்டும் கேட்கும். வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்குத் திரும்பும், கணக்கு ரீச்சர் மட்டும் கரும்பலகையைப் பார்த்தபடி எழுதிக்கொண்டே இருப்பார். பெடியன்கள் மதிலால் ஏறிக் கொடியோடு குதித்து, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மற்றப் பக்கத்தால் ஓடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒன்றுதான்.

ஒரு வருடம் ஒருவன் எங்கள் பூச்சாடி வரிசைக்கு மேலே விழுந்தான். எழும்பி “சொறி அக்கா” என்று மன்னிப்புக் கேட்டான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

இதைப் பாரம்பரியம் என்று எழுதுகிறவர்கள், அந்தப் பூச்சாடிகளை யார் திரும்ப அடுக்கினது என்றும் எழுதுங்கள்.

சுண்டுக்குளியான்:
அக்கா, பூச்சாடிக்காக இரு பாடசாலை சார்பிலும் மன்னிப்பு. எனக்கு நாற்பது வருடம் பிந்தி உறைத்திருக்கிறது.

மாம்பலத்தான்:
மார்ச், மார்ச் என்கிறீர்கள். மார்ச்சில் என்ன?

கோட்டையடி:
இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

வடக்கின் பெருஞ்சமர். யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் நடக்கிற வருடாந்தத் துடுப்பாட்டம். முதல் ஆட்டம் 1904. 2024 மார்ச்சில் நடந்தது 117ஆவது. இப்போது மூன்று நாள் ஆட்டம். கொழும்பில் றோயல், சென்ற் தோமஸ் பள்ளிக்கூடங்கள் 1879இலிருந்து ஆடுகிறார்கள், அதுதான் பெரியது என்பார்கள். இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் சென். பற்றிக்சுக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் “பொன் அணிகளின் போர்” இருக்கிறது. அதுவும் இருக்கட்டும். பிக் மட்ச் என்று ஊரில் வெறுமனே சொன்னால் அது எங்கள் மட்ச்.

எழுபதுகளில் நான் சின்னப் பெடியன், பதினோரு பேரில் இல்லை. என் வேலை மற்றிங். அப்போது புல் ஆடுகளம் கிடையாது. சீமெந்து மாதிரி இறுகின மண், அதன் மேல் தும்புப்பாய். காலை ஆறு மணிக்குப் பாயை உருட்டிக்கொண்டு போவோம், எட்டுப் பேர் வேண்டும். விரித்து, ஒரு பக்கத்தில் ஆணி அடித்து, மற்றப் பக்கத்தில் நாலு பேர் பின்னால் சாய்ந்து இழுக்க, இன்னொருவர் ஆணி அடிப்பார். இழுவை போதாவிட்டால் பாய் நடுவில் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் பந்து விழுந்தால் ஒன்று தலைக்கு வரும், இல்லை கணுக்காலுக்கு. ஒரு வருடம் நாங்கள் இழுத்த பாயில் எங்கள் ஆளே போல்ட் ஆனார். யார் அந்த மூலையில் இழுத்தது என்று விசாரணை நடந்தது. நான்தான். இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆட்டத்துக்கு முதல் நாள் சைக்கிள் ஊர்வலம். கைப்பிடியில் நீலக்கொடி, அவர்களுக்குச் சிவப்பும் கறுப்பும். கடைத்தெருவில் உண்டியல் குலுக்குவோம். கடைக்காரர் முதலில் “எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்பார். சரியான பதில் அவர் படித்த பள்ளிக்கூடம். நெற்றியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அனுபவம் வேண்டும்.

மைதானத்தில் நின்றால் கோட்டை அருகே. பொது நூலகமும் அருகே. 1981 மே 31 இரவு நூலகத்தை எரித்தார்கள், 97,000 புத்தகம். விடிந்த பிறகு எங்கள் புல்லில் கறுத்த தாள் துண்டுகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன், எழுத்து அப்படியே தெரிந்தது, பிறகு பொடியாகிவிட்டது. துடுப்பாட்டத்தைப் பற்றி எழுத வந்தேன், இதுவும் கூடவே வருகிறது.

சுண்டுக்குளியான்:
ஒரு வருத்தம் மட்டும் சேர்க்கிறேன். ஆட்டம் பெரும்பாலும் உங்கள் மைதானத்தில். பாயும் நீங்களே இழுப்பது. இப்போதல்லவா தெரிகிறது.

ஜாம்போத்தல்:
நான் கோட்டையடி ஐயாவுக்கு ஒரு தலைமுறை பின்னால், சென்ட்ரல்தான். எங்கள் காலத்துக்குப் பாரம்பரியம் என்று எழுத எதைத் தேடுவது?

கோட்டைக்குள் இராணுவம், கோட்டைக்கு எதிரே பள்ளிக்கூடம். வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். 1990 ஜூனில் தொடங்கிய முற்றுகை செப்ரெம்பர் 26இல் முடிந்தது. அதற்குள் கோட்டையைச் சுற்றி இருந்த எதற்கும் முழுக்கூரை இல்லை. பிறகு வருடக்கணக்கில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவு எண்ணெய், மேலே ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு முழத்துக்குள் இருக்கிற புத்தகம்தான் தெரியும். தலையை அண்மையில் கொண்டுபோனால் மயிர் கருகும். அக்கா இரசாயனவியல், நான் சாதாரண தரம், ஒரு விளக்கு. அவ ஒரு பக்கம் முடிக்கும்வரை நான் காத்திருப்பேன், அந்த நேரத்தில் வாய்ப்பாடு.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிழக்கே தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தோம். என் பையில் கொப்பிகள் இருந்தன, பிக் மட்ச் தொப்பியும் இருந்தது. ஏன் அதை எடுத்தேன் என்று தெரியாது. அம்மா வழியில் பையைக் குறைக்கச் சொன்னபோது ஒரு சோடிக் காற்சட்டையை எறிந்தேன், தொப்பியை எறியவில்லை.

மாம்பலத்தான்:
நான் சும்மா ஒரு கிரிக்கெட் சந்தேகம் கேட்டேன். தொடருங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் வாங்கு:
பெருமைக்கு நடுவே ஒரு வார்த்தை. என் பாட்டா படித்த மிஷன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லவில்லை, மூடியே போய்விட்டது. அங்கே வாங்கு (பெஞ்சு) உண்டு, ஆனால் எங்கள் சாதிப் பிள்ளைகள் தரையில். “சம ஆசனம்” வேண்டும் என்று 1929 அளவில் அரசாங்கம் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் அதற்கு எதிராக மனுப் போட்டார்கள். சம ஆசனம் கொடுத்த பள்ளிக்கூடங்கள் சிலவற்றை எரித்தார்கள். நூலகம் எரிந்ததை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறோம். எரிந்தால்தான் நினைவில் நிற்கும் என்றால், அந்த ஓலைப் பள்ளிக்கூடங்களும் எரிந்தவைதானே.

பாட்டா வாங்கில் முதல் முதல் இருந்த நாளைச் சொல்வார். கால் தரையில் முட்டவில்லையாம், தொங்கிக்கொண்டு இருந்ததாம். அது பிடித்திருந்ததாம்.

நாவலரைப் பற்றிப் பழைய ஏடு எழுதியது எல்லாம் சரி. அவருடைய சைவப் பள்ளிக்கூடத்திலும் எங்களுக்கு வாங்கு கிடைத்திருக்காது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பழைய ஏடு:
சேர்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது. நாவலருடைய சாதிப் பார்வையை அவருடைய எழுத்தே மறைக்கவில்லை, நான் மட்டும் ஏன் மறைத்தேன்.

ஸ்காபரோ அண்ணை:
இதனால்தான் சொல்கிறேன், மிஷன் கையில் இருந்தபோது ஒழுங்கு இருந்தது, ஆங்கிலம் இருந்தது. அரசாங்கம் எடுத்தது, எல்லாம் போச்சு. பரி. யோவானைப் பாருங்கள், கொடுக்கவில்லை, நிமிர்ந்து நிற்கிறது.

பழைய ஏடு:
அண்ணை, அவ்வளவு இலகு இல்லை. 1945 ஒக்ரோபர் 1இலிருந்து இலவசக் கல்வி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பணத்தில், நிர்வாகம் சபையின் கையில். இது பதினைந்து வருடம் ஓடியது. 1960 டிசம்பரில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றது. பெரிய பாடசாலைகளுக்கு ஒரு வழி விட்டார்கள்: தனியாக நிற்கலாம், ஆனால் அரசாங்கப் பணமும் இல்லை, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டு மூச்சு விடச் சொன்ன மாதிரி. பரி. யோவான், சென். பற்றிக்ஸ், யாழ்ப்பாணக் கல்லூரி எல்லாம் அப்படி நின்றன. பழைய மாணவர் காசும் சபையின் காசும் தாங்கின. மெதடிஸ்தர் சென்ட்ரலையும் வேம்படிப் பெண்கள் பாடசாலையையும் ஹாட்லிக் கல்லூரியையும் அரசாங்கத்துக்குக் கொடுத்தார்கள்.

சுண்டுக்குளியான்:
நிமிர்ந்து நின்றோம் என்பது வெளியில் இருந்து பார்ப்பவருக்கு. அப்பா அங்கே ஆசிரியர், வீட்டில் சம்பளம் எத்தனையாம் திகதி வந்தது என்று அம்மாவைக் கேட்டுப்பாருங்கள். சென்ட்ரலில் படிப்பித்த என் மாமாவுக்கு 25ஆம் திகதி தவறாமல் அரசாங்கச் சம்பளம், பிறகு ஓய்வூதியம். அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. மாமா வந்தால் மட்டும் கொஞ்சம் பலமாக மட்ச் கதை கதைப்பார்.

மூன்றாம் வாங்கு:
ஸ்காபரோ அண்ணை, அரசாங்கம் எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் முதல் ஆள் சென்ட்ரல் படலைக்குள் போனார், 1964இல். ஆங்கிலம் குறைந்திருக்கலாம். நாங்கள் கூடினோம்.

ஸ்காபரோ அண்ணை:
சரி. அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் எங்கள் காலத்து ஆங்கிலம்...

மருதடியாள்:
அண்ணை, போதும்.

கோட்டையடி:
1964இல் போனவர் யார், எந்த வகுப்பு? எனக்கு மூத்த ஒருவர் கிட்டத்தட்ட அந்த வருடத்தில் வந்தவர், எங்கள் வேகப்பந்து. தனிச்செய்தி போடுகிறேன், பாருங்கள்.

மூன்றாம் வாங்கு:
பார்த்தேன் ஐயா. அவர் என் பெரியப்பா.

கோட்டையடி:
நான் இழுத்த பாயில் போல்ட் ஆனவரும் அவர்தான். கடைசியாக ஆடப் போவார், ஓட்டம் ஒன்றும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் மனுசன் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். இருக்கிறாரா?

மூன்றாம் வாங்கு:
இருக்கிறார், மானிப்பாயில். காது கொஞ்சம் மந்தம். உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். “மேற்கு மூலை. எனக்கு அன்றைக்கே தெரியும்” என்றார்.

மாம்பலத்தான்:
அடுத்த மார்ச்சில் மட்ச் பார்க்க வரலாம் என்று இருக்கிறேன். சென்னையிலிருந்து விமானம் இருக்கிறது. அப்பாவும் வருகிறேன் என்கிறார். வெளியாள் உள்ளே போய்ப் பார்க்கலாமா?

சுண்டுக்குளியான்:
தாராளமாக. எந்தப் பக்கம் உட்காருவது என்று மட்டும் படலைக்கு வெளியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே போய் மாறினால் அப்பாவுக்கு நல்லது இல்லை.

கோட்டையடி:
நானும் மார்ச்சில் ஊரில் நிற்பேன். மானிப்பாய்ப் பெரியவரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். தொப்பி கொண்டு வாருங்கள், வெயில் பொல்லாதது. கச்சான் என் செலவு.

மாம்பலத்தான்:
நன்றி ஐயா. கச்சான் என்றால்?

மருதடியாள்:
வேர்க்கடலை, தம்பி.